ஜெர்மானியம் சூடாகும்போது

எம்.எஸ்சி.யில் திடநிலை இயற்பியல் எனக்குப் பிடித்துப்போகக் காரணம் ஆய்வகத்தில் செய்த ஃபோர் புரோப் சோதனைதான். ஜெர்மானியம் என்ற குறைக்கடத்தியின் சின்னப் படிகத்தின் மேல் நான்கு ஊசிகள் வரிசையாக நிற்கும். வெளியிலிருக்கும் இரண்டில் மின்னோட்டம் விட்டு, உள்ளிருக்கும் இரண்டில் மின்னழுத்தம் அளக்க வேண்டும். வோல்ட்மீட்டர் வழியே மின்னோட்டம் கிட்டத்தட்ட போவதே இல்லை, அதனால் ஊசிமுனைத் தொடுகையின் தடை கணக்கில் நுழையாது. எவ்வளவு எளிமையான யோசனை!

படிகத்தைச் சூடாக்கும் சிறு அடுப்பை ஆன் செய்தால் வெப்பம் ஏற ஏற மில்லிவோல்ட் இறங்கும், அதாவது தடை குறையும். செம்பில் இதற்கு நேர்மாறு: சூடேறினால் தடை கூடும். ஜெர்மானியத்திலோ வெப்பம் எலக்ட்ரான்களை இணைதிறன் பட்டையிலிருந்து (பிணைப்பில் கட்டுண்டிருக்கும் ஆற்றல் நிலைகள்) கடத்தல் பட்டைக்கு (படிகத்துக்குள் நகர்ந்து மின்னோட்டம் சுமக்கும் நிலைகள்) தூக்கிவிடுகிறது. மின்தடை எண்ணின் இயல் மடக்கையை 1/T-க்கு (T என்பது கெல்வினில் வெப்பநிலை) எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சாய்வை போல்ட்ஸ்மன் மாறிலியின் இருமடங்கால் பெருக்கினால் பட்டை இடைவெளி, அதாவது அந்த இரண்டு பட்டைகளுக்கும் நடுவிலுள்ள ஆற்றல் வித்தியாசம். எனக்கு 0.7 எலக்ட்ரான் வோல்ட்டை (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஒட்டி வந்தது. கிராஃப் தாளில் அளந்த ஒரு சாய்வு, கண்ணில் படாத எலக்ட்ரான்களின் கதையைச் சொல்கிறதே என்று அன்று முழுக்க அதே நினைப்பு.

சிலிக்கானுக்கு இந்த இடைவெளி 1.12, வைரத்துக்குச் சுமார் 5.5. மூன்றுக்கும் படிக அமைப்பு ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு ஃபோட்டானில் (ஒளித்துகளில்) 3 எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேல் இருந்தாலே அதிகம். வைரத்தின் எலக்ட்ரானைத் தூக்க அது போதாது, அதனால் ஒளி ஊடுருவிப் போய்விடுகிறது. ஜெர்மானியம் அதை விழுங்கிவிடும்.

அப்புறம் ஒன்று: இந்தச் சோதனையைச் செய்பவர்கள் அடுப்பு ஆறும்போதும் அளவெடுங்கள். வெப்பம் மெதுவாக இறங்குவதால் வெப்பமானியும் படிகமும் ஒரே நிலையில் இருக்கும், புள்ளிகளும் கோட்டை விட்டு விலகாது.