நியூ ஜெர்சி கவர்னரை யாரு டிஸ்மிஸ் பண்ணுவா?

அம்மாவுக்கு சிட்டிசன்ஷிப் இன்டர்வ்யூ தேதி வந்துடுச்சுன்னு அக்கா போன் பண்ணப்போ, ஐயோ பாவம் இந்த வயசுல உக்காந்து படிக்கணுமேன்னுதான் முதல்ல தோணுச்சு. கடைசில பார்த்தா அம்மாவை விட நான்தான் ஜாஸ்தி படிச்சேன். அந்தக் கதைதான் இது.

விவரம் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன். அமெரிக்க குடியுரிமைக்கு அப்ளை பண்ணா அரசாங்கம் எப்படி நடக்குது, வரலாறு என்னன்னு வாய்மொழியா ஒரு டெஸ்ட் வைப்பாங்க. நான் எழுதினப்போ, எழுதினப்போன்னா சொன்னப்போ, 100 கேள்வி லிஸ்ட் கொடுத்திருந்தாங்க, அதுல 10 கேப்பாங்க, 6 சரியா சொன்னா பாஸ். 2025 அக்டோபர் 20-ல இருந்து அப்ளை பண்றவங்களுக்கு 128 கேள்வியாக்கி, 20 கேட்டு 12 சரியா சொல்லணும்னு மாத்திட்டாங்க. அம்மா அதுக்கு முன்னாடியே அப்ளை பண்ணிட்டாங்க. அதோட 65 வயசு தாண்டி 20 வருஷமா கிரீன் கார்டு வச்சிருக்கறவங்களுக்குன்னு ஒரு சலுகை இருக்கு, மொத்தமே 20 கேள்வி படிச்சா போதும், பதிலையும் சொந்த பாஷையிலயே சொல்லலாம், கூட ஒரு ஆளை மொழிபெயர்க்கக் கூட்டிட்டுப் போகணும் அவ்ளோதான். அம்மாவுக்கு 72, கிரீன் கார்டு வாங்கினது 2004-ல. கச்சிதமா பொருந்திடுச்சு.

அந்த 20 கேள்வியைப் பார்த்தா சிரிப்பு வரும். தலைநகரம் எது, கொடியில ஏன் 50 நட்சத்திரம், எந்த மாசம் பிரசிடென்ட் எலெக்ஷன், முதல் பிரசிடென்ட் யாரு, வருமான வரி கட்ட கடைசி தேதி எது, இப்படித்தான். அம்மா ரெண்டே நாள்ல மனப்பாடம் பண்ணிட்டாங்க, கந்த சஷ்டி கவசம் தெரிஞ்சவங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா. "காங்கிரஸ்ல ரெண்டு பாகம் எது?"ன்னா "செனட், ஹவுஸ்"னு காபி ஆத்திக்கிட்டே சொல்லுவாங்க.

சிக்கல் மூணாவது நாள் வந்துச்சு. "உங்க ஸ்டேட்டோட தலைநகரம் எது"ன்னு ஒரு கேள்வி, நாங்க இருக்கறது நியூ ஜெர்சி, அதனால ட்ரென்டன்னு சொன்னாங்க, சரின்னு அடுத்ததுக்குப் போறதுக்குள்ள, "ஏண்டி, அங்க இருக்கற கவர்னரை யாரு போட்டது?"ன்னாங்க.

யாரும் போடலம்மா, ஜனங்க ஓட்டுப் போட்டு வர்றாங்கன்னேன்.

"அப்ப முதலமைச்சர்?"

முதலமைச்சர்லாம் கிடையாது, கவர்னர்தான் எல்லாம்.

அம்மா தம்ளரை கீழ வச்சுட்டாங்க. "அப்போ டெல்லில இருந்து, அதான் வாஷிங்டன்ல இருந்து, இவரைப் பார்த்துக்க யாரு வருவா?"

இந்தக் கேள்வி எந்த லிஸ்ட்லயும் இல்லைங்க. அமெரிக்காவுல பொறந்தவனுக்கு இது தோணவே தோணாது. நம்ம ஊர்ல கவர்னர்னா பிரசிடென்ட் நியமிக்கிற ஆளு, கிண்டில பெரிய பங்களா, மசோதா போனா கையெழுத்து வருமா வராதான்னு பேப்பர்ல பார்த்துக்கிட்டே இருக்கணும். அம்மா மனசுல கவர்னர்ங்கற வார்த்தைக்கு அர்த்தமே மேல இருக்கறவங்க கீழ அனுப்பற ஆளுங்கறதுதான். இங்க அதே பேரு, வேலை நேர் எதிர்.

அதோட விடல. "சரி, இவர் சரியில்லன்னா ட்ரம்ப் இவரை டிஸ்மிஸ் பண்ணிடுவாரா?"

முடியாதும்மா.

"ஏன் முடியாது? கலைஞர் ஆட்சியையே கலைச்சாங்களே."

1976 ஜனவரி 31. அம்மாவுக்கு அப்ப 23 வயசு, கும்பகோணத்துல தாத்தா வீட்ல இருந்தாங்க. எமர்ஜென்சி நேரம், தாத்தா ரேடியோவை மடியில தூக்கி வச்சுக்கிட்டு வால்யூமைக் குறைச்சு கேட்டுக்கிட்டிருந்தாராம், யாரும் பேசக்கூடாதுன்னு கையை மட்டும் தூக்கிக் காட்டுனாராம். அந்தக் கையைத்தான் அம்மா சொல்லும்போதெல்லாம் தூக்கிக் காட்டுவாங்க. அப்புறம் 1991-லயும் ஒரு தடவை. ஆட்சியைக் கலைக்க அரசியல் சட்டத்துல இருக்கற 356-வது பிரிவோட நம்பர் அம்மாவுக்குத் தெரியாது, "கலைச்சுட்டாங்க"ங்கற வார்த்தை தெரியும். 1994-ல, கர்நாடகா முதலமைச்சரா இருந்த எஸ்.ஆர். பொம்மையோட கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து, பெரும்பான்மை இருக்கா இல்லையான்னு சட்டசபையிலதான் பார்க்கணும், ராஜ்பவன்ல இல்லன்னு சொன்னப்புறம்தான் அந்தப் பழக்கம் நல்லா குறைஞ்சுது.

இங்க முடியாதுன்னு சொல்லிட்டேனே தவிர ஏன்னு கேட்டா எனக்கே ஒழுங்கா சொல்லத் தெரியல. நான் கேட்ட ஆறுக்கு ஆறும் சரியா சொல்லி பாஸ் பண்ணவ, ஞாபகம் இருக்கட்டும். அன்னைக்கு ராத்திரி உக்காந்து படிச்சேன்.

1957-ல ஆர்க்கன்சா ஸ்டேட்ல லிட்டில் ராக்னு ஒரு ஊரு, அங்க வெள்ளைக்கார பசங்க மட்டும் படிச்சுக்கிட்டிருந்த சென்ட்ரல் ஹை ஸ்கூல்ல ஒன்பது கறுப்பினப் பிள்ளைங்களைச் சேர்க்கணும்னு கோர்ட் சொல்லிடுச்சு, கவர்னர் ஃபாபஸ் என்ன பண்ணாருன்னா ஸ்டேட்டோட நேஷனல் கார்டு படையை கேட்ல நிறுத்தி பிள்ளைங்களை உள்ள விடாம தடுத்தார். நம்ம ஊரா இருந்தா அன்னைக்கு சாயந்திரமே ஆட்சி கலைஞ்சிருக்கும். இங்க பிரசிடென்ட் ஐசன்ஹோவர் ராணுவத்தோட 101-வது ஏர்போர்ன் படையை அனுப்பினார், அந்த நேஷனல் கார்டையே கவர்னர் கையில இருந்து எடுத்து தன் கட்டுப்பாட்டுக்குக் கொண்டு வந்தார், பிள்ளைங்க துப்பாக்கி வச்சிருந்த சிப்பாய்ங்க நடுவுல நடந்து ஸ்கூலுக்குள்ள போனாங்க. ஆனா கவர்னரை மட்டும் ஒண்ணும் பண்ண முடியல. அவர் நாற்காலியிலயே இருந்தார், மறுபடி மறுபடி ஜெயிச்சு 1967 வரைக்கும் இருந்தார்! படையை அனுப்ப முடியுது, ஆளை எடுக்க முடியல. இந்த நாட்டோட கூட்டாட்சி என்னன்னு எனக்கு அங்கதான் உறைச்சுது. நல்லதா கெட்டதான்னு கேட்டா, அந்த ஒன்பது பிள்ளைங்க பக்கத்துல நின்னு பார்த்தா ஒரு மாதிரி இருக்கும், 1976-ல தாத்தா பக்கத்துல உக்காந்து பார்த்தா வேற மாதிரி இருக்கும்.

அம்மாகிட்ட காலைல சொன்னேன். "அப்போ அந்தாளை ஜனங்களே திரும்பத் திரும்ப போட்டாங்களா, சரியான ஊரு"ன்னு சொல்லிட்டு தோசை திருப்பப் போயிட்டாங்க.

நடுவுல ஒரு காமெடி. ஃபெடரல்ங்கறதை தமிழ்ல எப்படி சொல்றதுன்னு எனக்குத் திணறல், வாயில வந்துச்சுன்னு "ஒன்றிய அரசு"ன்னுட்டேன், அம்மா உடனே "ஒன்றியம்னா பி.டி.ஓ. ஆபீஸ்தானே, வாஷிங்டனை ஏன் அங்க கொண்டு போற"ன்னாங்க. அதுக்கப்புறம் "சென்ட்ரல்"னே பேசிக்கிட்டோம்.

எது சென்ட்ரல் எது ஸ்டேட்னு பிரிச்சுச் சொல்ல நான் பெருசா ஏதோ ஷெட்யூல் பத்தி ஆரம்பிச்சேன். நம்ம அரசியல் சட்டத்துல ஏழாவது அட்டவணைல மூணு பட்டியல் போட்டு அடுக்கியிருப்பாங்க, எதுலயும் இல்லாதது சென்ட்ரலுக்கு. இங்க தலைகீழ், சென்ட்ரலுக்கு என்னென்னன்னு மட்டும் எழுதிட்டு, மிச்சமெல்லாம் ஸ்டேட்டுக்கும் ஜனங்களுக்கும்னு 1791-லயே பத்தாவது திருத்தத்துல சொல்லிட்டாங்க. இதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அம்மா கொட்டாவி விட்டாங்க. ஆனா அவங்களுக்கே தெரிஞ்ச ஒரு விஷயம் இருந்துச்சு, பெட்ரோல் பங்க். நியூ ஜெர்சில நீங்களே பெட்ரோல் போட்டுக்கக் கூடாது, 1949-ல இருந்து சட்டம், ஆள் வந்துதான் போடணும். டெலவேர் ஆத்துப் பாலத்தைத் தாண்டினா பென்சில்வேனியா, அங்க நாமளே இறங்கி போட்டுக்கணும். இவ்ளோ வருஷமா அம்மா என்ன நினைச்சிருக்காங்கன்னா, அந்தப் பக்கம் வேலைக்கு ஆள் கிடைக்கலன்னு! பரிதாபப்பட்டிருக்காங்க. ஸ்டேட் சட்டம்மா அதுன்னதும், "ஓ, அப்ப நம்ம ஸ்டேட்தான் பெஸ்ட்"டுன்னு ஒரே பெருமை.

பாலம்னதும் ஆத்துப் பேச்சு வந்துச்சு, ஆறுன்னா அம்மாவுக்கு ஒரே ஆறுதான், காவிரி. "இந்த ஆத்துக்கு சண்டை இல்லையா?"ன்னாங்க. சும்மா கேட்டதுதான், ஆனா இருக்கு! டெலவேர் ஆறு நியூயார்க் மலைல பொறந்து கீழ வருது, நியூயார்க் சிட்டி குடிதண்ணிக்காக மேலயே அணை கட்டித் திருப்பப் பார்த்துச்சு, கீழ இருக்கற நியூ ஜெர்சி கேஸ் போட்டுச்சு. ஸ்டேட்டும் ஸ்டேட்டும் சண்டை போட்டா இங்க நேரா சுப்ரீம் கோர்ட்தான், கீழ் கோர்ட்டெல்லாம் கிடையாது. 1931-ல ஒரு உத்தரவு, 1954-ல அதைத் திருத்தி இன்னொண்ணு, நியூயார்க் சிட்டி ஒரு நாளைக்கு 80 கோடி கேலன் எடுத்துக்கலாம், பதிலுக்குக் கீழ இவ்ளோ தண்ணி ஓடியே ஆகணும், இதை உக்காந்து கணக்குப் பார்க்க ரிவர் மாஸ்டர்னு ஒரு அதிகாரி. அந்த போஸ்ட் இன்னைக்கும் இருக்கு.

அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. "70 வருஷமாவா? தண்ணி விடுறாங்களா?"

விடுறாங்கம்மா, அப்பப்போ வறட்சி வந்தா தகராறு வரும், உக்காந்து பேசிக்குவாங்க.

"நம்மளுது?"

நம்மளுது 1990-ல ட்ரிப்யூனல், 2007-ல இறுதித் தீர்ப்பு, அதுல தமிழ்நாட்டுக்கு 192 டி.எம்.சி. விடணும்னாங்க, 2018-ல சுப்ரீம் கோர்ட் அதை 177.25 ஆக்குச்சு, அதுக்கப்புறம்தான் மேலாண்மை ஆணையமே வந்துச்சு. இதையெல்லாம் அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஜூன் 12 மேட்டூர் திறக்கலன்னா குறுவை என்ன ஆகும்னு அவங்க எனக்குச் சொல்லுவாங்க. "ஒரு ரிவர் மாஸ்டரை நமக்கும் போட்டிருக்கலாம்"னு மட்டும் சொன்னாங்க. அவ்ளோ சுலபமில்லம்மா, இது நியூயார்க் சிட்டிக்காரன் குடிக்கற தண்ணி, அங்க பயிர் வேற குடிக்கணும், கர்நாடகாவுலயும் விவசாயிதானேன்னேன். பதில் சொல்லல.

செனட் விஷயத்துல மட்டும் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தே கோவப்பட்டோம். ஸ்டேட்டுக்கு ரெண்டு சீட்டு, எவ்ளோ பெரிய ஸ்டேட்டா இருந்தாலும். வயோமிங்ல ஆறு லட்சம் பேர் கூட இல்ல, கலிஃபோர்னியால மூணேமுக்கா கோடிக்கு மேல, ரெண்டுக்கும் ரெண்டு ரெண்டு. நம்ம ராஜ்யசபால மக்கள் தொகையைப் பார்த்துதான், உ.பி.-க்கு 31, நமக்கு 18. இதுல வேடிக்கை, 1787-ல அரசியல் சட்டம் எழுதினப்போ எல்லா ஸ்டேட்டுக்கும் சம ஓட்டு வேணும்னு அடம் பிடிச்சதே எங்க நியூ ஜெர்சிதான், அந்தத் திட்டத்துக்குப் பேரே நியூ ஜெர்சி பிளான், கொண்டு வந்தவர் வில்லியம் பேட்டர்சன், அவர் பேர்ல இங்க ஒரு ஊரே இருக்கு. அன்னைக்கு சின்ன ஸ்டேட்டா இருந்தப்போ கேட்டு வாங்கினது, இன்னைக்கு 90 லட்சத்துக்கு மேல ஜனங்க வந்தப்புறம் அதே விதி எங்களையே கடிக்குது. "கேட்டு வாங்கிட்டு அப்புறம் புலம்பக்கூடாது"ன்னு அம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க, அப்புறம் கோவம் போயிடுச்சு.

இன்டர்வ்யூ அன்னைக்கு அக்காவோட ஃப்ரெண்டு மொழிபெயர்க்கப் போனாங்க, நான் வெளியில. முக்கால் மணி நேரம் கழிச்சு அம்மா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தாங்க, எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. பாஸ்தான். ஆனா முதல் ஆறும் சரியா சொன்னதால அதோட நிறுத்திட்டாங்களாம். "இருபதும் படிச்சேன், ஆறு கேட்டு அனுப்பிட்டான், கொடி கேள்வியைக் கூட கேக்கல"ன்னு கார்ல வர்ற வழியெல்லாம் புலம்பல். கூட வந்தவங்க சொன்னது, கடைசில ஆபீசர் வேற ஏதாவது கேக்கணுமான்னு மரியாதைக்குக் கேட்டாராம், அம்மா சீரியஸா ஏதோ ஆரம்பிச்சிருக்காங்க, இவங்க மொழிபெயர்க்காம "தேங்க்ஸ் சொல்றாங்க"ன்னு சொல்லி எழுப்பிக் கூட்டிட்டு வந்துட்டாங்களாம். என்னம்மா கேட்டேன்னா சொல்ல மாட்டேங்கறாங்க.

இனிமே உறுதிமொழி எடுக்கற நாள் வரும். எடுத்த நிமிஷம் இந்தியக் குடியுரிமை போயிடும், நம்ம சட்டத்துல ரெண்டும் வச்சுக்க முடியாது, பாஸ்போர்ட்டை சரண்டர் பண்ணணும், அப்புறம் வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் கொடுக்கற ஓ.சி.ஐ. கார்டு வாங்கிக்கலாம், ஆனா அதுல ஓட்டு கிடையாது. அம்மா போன தடவை ஊருக்குப் போனப்போ பீரோவுல இருந்து வோட்டர் ஐடியை எடுத்துட்டு வந்திருக்காங்க, ஏன்னு தெரியல. நேத்து அதை கையில வச்சுக்கிட்டு, "இங்க நவம்பர்ல ஓட்டுப் போட்டா விரல்ல மை வைப்பாங்களா?"ன்னாங்க.

இல்லம்மா, ஓட்டுப் போட்டேன்னு ஒரு ஸ்டிக்கர் கொடுப்பாங்க.

"ஸ்டிக்கரா? பிச்சுப் போட்டுட்டு மறுபடி வரிசைல நின்னா?"

கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ஆபீஸ்ல பேரு இருக்கும், கையெழுத்து வாங்குவாங்கன்னேன். கவுன்ட்டினா சென்ட்ரலா ஸ்டேட்டான்னாங்க. எலெக்ஷன் கமிஷன் எங்க இருக்குன்னாங்க. நம்ம ஊர் மாதிரி நாட்டுக்கே ஒண்ணு கிடையாதும்மா, ஒவ்வொரு ஸ்டேட்டும் அதது சட்டப்படி நடத்திக்கும், பிரசிடென்ட் எலெக்ஷனும் அப்படித்தான்னு சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க, நான் பொய் சொல்றேன்னு நினைச்சுட்டாங்க போல, அக்காவுக்குப் போன் போட்டு சரிபார்க்கறாங்க.