கடைசி வரி எங்கே?

எங்கள் நூல் குடோனின் வரவுப் பதிவேடு ஒரு எக்செல் ஷீட்டில் இருக்கிறது. தேதி, பார்ட்டி, லாட் எண், மூட்டை, எடை. பட்டனைத் தட்டினால் புது வரவு கடைசி வரிக்குக் கீழே போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான் மேக்ரோ (எக்செலுக்குள் எழுதி வைக்கும் சின்ன புரோகிராம்). அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் யூஸ்டுரேஞ்சில், அதாவது ஷீட்டில் புழங்கியதாக எக்செல் கருதும் பகுதியில், எத்தனை வரி என்று எண்ணிப் பார்த்து எழுதினேன். முதல் பதிவே 5001-ஆம் வரியில் போய் விழுந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் அழகுக்காக 5000 வரிக்குக் கட்டம் போட்டு வைத்திருந்தார். உள்ளே எதுவும் இல்லாவிட்டாலும், பார்டர் போட்ட செல் எக்செலுக்குப் புழங்கிய செல்தான்.

அப்புறம் எல்லோரும் எழுதுகிற வரிக்கு வந்தேன்: செல்ஸ்(ரோஸ்.கவுண்ட், 1).எண்ட்(எக்ஸ்எல்அப்).ரோ. ஷீட்டின் அடிக்குப் போய், கன்ட்ரோலும் மேல் அம்புக்குறியும் அழுத்தினது போல ஏறி வந்து, முதலில் தட்டுப்படும் செல்லில் நிற்கும். பழைய மேக்ரோக்களில் ரோஸ்.கவுண்ட்டுக்குப் பதில் 65536 என்றே இருக்கும். எக்செல் 2003 வரை அதுதான் அடி வரி, 2007-இலிருந்து 10,48,576.

இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் சாயங்காலம் கணக்கு இடித்தது. 40 மூட்டையைக் காணோம். மதியம் யாரோ ஒரு பார்ட்டிக்கு மட்டும் ஃபில்டர் போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருக்கிறார். கீழேயிருந்து ஏறி வந்த மேக்ரோ மறைந்திருந்த வரிகளையெல்லாம் தாண்டி, கண்ணுக்குத் தெரிந்த கடைசி வரியில் நின்றிருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் புது வரவை எழுதிவிட்டது. அந்த வரியில்தான் காலையில் வந்த 40 மூட்டை இருந்தது. மேக்ரோ எழுதியதை அன்டூ செய்யவும் முடியாது. சலானைத் தேடி எடுத்து மறுபடி அடித்தேன்.

இப்போது முதல் வேலையே ஃபில்டர்மோடைப் பார்ப்பதுதான்; ஃபில்டர் வரிகளை மறைத்திருக்கிறதா என்று அது சொல்லும். இருந்தால் ஷோஆல்டேட்டா, மறைந்த வரிகளையெல்லாம் காட்டிவிடும். பார்க்காமல் நேரே அதைக் கூப்பிட்டால், ஃபில்டர் இல்லாத நாளில் எரர் வரும்.

தேதி போடாமல் விட்ட வரிகளும் இருந்ததால் முதல் காலத்தை (தேதி இருக்கும் நெடுவரிசையை) மட்டும் நம்ப முடியவில்லை. எக்செலின் தேடும் வசதியான ஃபைண்டில், எதுவானாலும் சரி என்று பொருள்படும் நட்சத்திரக் குறி கொடுத்து, வரிவரியாகப் பின்னாலிருந்து எல்லாக் காலத்திலும் தேட வைத்தேன். எடைக் காலத்தில் 2000 வரி வரை இழுத்து வைத்த ஃபார்முலா இருக்கிறது. மூட்டை இல்லாவிட்டால் வெற்றாகக் காட்டும். ஃபார்முலாவில் தேடினால் அது 2000-இல் போய் நிற்கும். அதனால் வேல்யூவில், அதாவது செல்லில் தெரியும் மதிப்பில், தேடச் சொன்னேன். இதை ஒவ்வொரு முறையும் கோடில் எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கடைசியாகத் தேடியவர் வைத்த அமைப்பையே ஃபைண்ட் பிடித்துக்கொள்ளும்.

ஏப்ரலில் புதுக் கணக்குக்கு வெற்று ஷீட்டில் ஓட்டினேன். 91 எரர். தேட ஒன்றுமில்லை என்றால் ஃபைண்ட் நத்திங் (எந்தச் செல்லும் இல்லை) என்று தருகிறது; இல்லாத செல்லுக்கு வரி எண் கேட்டதால்தான் அந்த எரர். அப்போது கடைசி வரி 0 என்று எடுத்துக்கொள்ள இன்னொரு இஃப் (நிபந்தனை வரி) சேர்த்தேன்.