ஓரத்து மேசை உள்ளியும் ஓசிச் செடியும்

கோடை விடுமுறை முடிந்து ஒன்ராறியோவின் தோட்டக்கலைச் சங்கங்கள் பல செப்ரெம்பரில் மறுபடி கூடத் தொடங்கும். மண்டபத்தில் ஒரு பேச்சாளர், தேநீர், ஓரத்தில் உறுப்பினர்கள் தங்கள் தோட்டத்துச் செடிகளைக் கொண்டுவந்து வைக்கும் ஒரு மேசை. அதிகக் கூட்டம் அந்த மேசையைச் சுற்றித்தான். பிரித்தெடுத்த ஹொஸ்டா, டே லில்லி, ஐரிஸ், சில வேளை நடுவதற்கான விதை உள்ளியும் (பூண்டு) இருக்கும். ஸ்காபரோப் பக்கத்து நம்மவர்களின் கை முதலில் போவது உள்ளிக்கு. கவனம் வேண்டியதும் அங்கேதான்.

உள்ளியைத் தாக்கும் நூற்புழு கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலும் விதை உள்ளியோடுதான் தோட்டம் விட்டுத் தோட்டம் போகிறது. அதனால் உதிர்த்த பற்களை எடுக்காதீர்கள். முழுக் குமிழைத் திருப்பி, வேர் வரும் அடித்தட்டைப் பாருங்கள். வெடிப்பு, உக்கல், நகம் பட்டதும் கழன்று வருவது, பருமனுக்கேற்ற பாரமில்லாமை, பஞ்சுபோல அமுங்குவது: இதில் ஒன்று இருந்தாலும் வைத்துவிடுங்கள். இலேசான தொற்று வெளியே தெரியாது என்பதால், நல்லதாகத் தெரியும் குமிழையும் முதல் வருடம் தனிப் பாத்தியில் நடுவது புத்தி. புழு வந்த பாத்தியில் 4 வருடமாவது உள்ளி, வெங்காயம், லீக்ஸ் எதுவும் கூடாது.

வகை கேட்டால், 'மியூசிக்'. குமிழுக்கு 4 முதல் 6 பெரிய பற்கள், இந்தக் குளிரைத் தாங்கும். கடை உள்ளி பெரும்பாலும் மென்தண்டு வகை, இந்தக் குளிருக்கு அவ்வளவு தோதில்லை. நட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

நடுவது ஒக்ரோபர் நடுப்பகுதியில். முந்தினால் பனிக்கு முன்பே இலை நெடுத்துவிடும். பிந்தினால் வேர் பிடிக்காமல், உறைந்து இளகும் மண் பல்லை மேலே தள்ளிவிடும். பற்களை நடும் நாளில் பிரியுங்கள், தோலை உரிக்க வேண்டாம். சின்னப் பல் சின்னக் குமிழைத்தான் தரும், அது கறிக்குப் போகட்டும். கூர்முனை மேலே, அதற்கு மேல் 5 செ.மீ. மண், பல்லுக்குப் பல் 15 செ.மீ. களிமண் என்றால் கொம்போஸ்ட் கலந்து பாத்தியை உயர்த்துங்கள். தண்ணீர் நின்றால் அழுகும். மேலே 10 செ.மீ. இலைச் சருகு, புல்வெட்டியால் நொறுக்கியது. மேப்பிள் இலையை முழுசாகப் போட்டால் நனைந்து பாய்போல ஒட்டி, வசந்தத்தில் முளையை அமுக்கும். சருகுக்குக் காசு எதற்கு? அயலவர் வாசலில் வைக்கும் கடதாசிப் பைகளைக் கேட்டு வாங்கலாம்.

பூச்செடிகளில் வேறு ஆபத்து: குதிக்கும் மண்புழு. தொட்டால் பாம்புபோலத் துள்ளும். அது வாழும் மேல்மண் கோப்பித் தூள்போல உதிரும். பனியில் புழு சாகும், மண்ணிலுள்ள முட்டைக்கூடு சாகாது. ஆகவே மண்ணோடு தரும் செடியை வாங்காதீர்கள். கொடுப்பவரே வேரை மண்ணில்லாமல் கழுவிக் கொண்டுவரட்டும். வேர் காயாமல் அன்றைக்கே நடுங்கள். பியோனி கிடைத்தால் அதன் மொட்டுக்கண் 5 செ.மீ.க்குக் கீழே போகக்கூடாது. ஆழம் கூடினால் இலை வரும், பூ வராது.

கறிவேப்பிலைத் தொட்டியை இரவு 10 பாகைக்குக் கீழே இறங்குமுன் உள்ளே எடுங்கள். அதற்கு முன் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, தண்டில் செதில் பூச்சி இருந்தால் சுரண்டி, பூச்சிக்கொல்லிச் சோப்பு அடியுங்கள். உள்ளே வந்ததும் இலை கொட்டுவது வெளிச்சம் குறைவதால். தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றித்தான் பலர் வேரை அழுக வைக்கிறார்கள். மேல்மண் 3 செ.மீ. காய்ந்த பிறகு மட்டும் ஊற்றுங்கள். உரம் மார்ச்சில் துளிர் கண்ட பிறகு.