அவரவர் கையால் ஒரு முழம்

மே 2

கைக்குட்டை ஓரத்தில் ஓட்டுத்தையல் போடச் சொல்லிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. அடிக்கடி கோக்க வேண்டாமே என்று நான் நீளமாக விட்டிருந்த நூல், சின்னவன் கையில் நாலு இடத்தில் சிக்குப் போட்டுக்கொண்டது. மெல்லிய துணி ஊசியோடு சேர்ந்து சுருண்டது. கட்டைவிரலில் ஒரு குத்து வேறு. "எனக்குத் தையல் வராதும்மா" என்று எழுந்து போய்விட்டான். ஆறு வயது அவனுக்கு. ஊசி, துணி, நூல் மூன்றையும் எடுத்து வைத்தது நான்.

மே 3

இன்று ஊசியே கிடையாது. அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை மீன் மாதிரி வெட்டி, ஓரம் முழுக்க 1 செ.மீ. விட்டு விட்டு ஓட்டை போட்டேன். நூலுக்குப் பழைய ஷூ லேஸ். அதன் நுனியில் இருக்கிற பிளாஸ்டிக் குப்பிதான் ஊசி. "மேலே வா, கீழே போ" என்று நான் ராகம் போட, அவன் ஒவ்வொரு தடவையும் விளிம்பைச் சுற்றி வந்து அதே பக்கத்திலிருந்தே குத்தினான். திருத்தப் போனவள் வாயை மூடிக்கொண்டேன். அவன் போட்டது அசல் சுற்றுத்தையல். அதை எப்படித் தப்பு என்று சொல்வது?

மே 6

ஸ்வெட்டர் பின்னியபின் பாகங்களை இணைக்க வைத்திருந்த மொண்ணை ஊசி ஞாபகம் வந்தது. நுனி குத்தாது, காது பெரியது. அதற்குத் தோதான துணி சாக்கு. இழைகளுக்கு நடுவே ஓட்டை தெரிவதால் எங்கே குத்துவது என்று தேட வேண்டியதில்லை. எம்ப்ராய்டரி வளையத்தில் விறைப்பாக மாட்டிக் கொடுத்தேன், சுருளவில்லை.

நூலுக்கு ஒரு கணக்கு பிடித்தோம். அவரவர் கையால் இரண்டு முழம் எடுத்து, ஊசியில் கோத்து, இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் இரட்டையாக ஒரு முழம். என் முழம் ஆகாது. அவன் கை ஒரே இழுப்பில் போகிற தூரம் அவ்வளவுதான். இரட்டை நூல் என்பதால் ஊசி நழுவி விழவும் வழியில்லை.

கோப்பதற்கு ஒரு வித்தை: நூல் நுனி துளி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, ஊசியை நூலிடம் கொண்டுவர வேண்டும். மூன்றாவது தடவை நுழைந்துவிட்டது. வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினான்.

மே 9

பெரியவளுக்கு ஒன்பது வயது, இடதுகைக்காரி. பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் குழம்புகிறாள். எதிரே உட்கார்ந்தேன். கண்ணாடி பார்க்கிற மாதிரி அப்படியே பிடித்துக்கொண்டாள்.

இன்று நாலு ஓட்டைப் பட்டன். பட்டன்மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, குச்சிக்கு மேலாக நூல் ஓட்டச் சொன்னேன். தைத்து முடித்துக் குச்சியை உருவினால் பட்டன் தொளதொளவென்று ஆடியது. "அம்மா, இது லூசு!" பட்டனைத் தூக்கிப் பிடித்து, அதற்கும் துணிக்கும் நடுவில் நூலை ஐந்தாறு சுற்றுச் சுற்றி இறுக்க வைத்தேன். குட்டியாக ஒரு காம்பு வந்தது. மாட்டும்போது காஜா பக்கத்துத் துணி உட்கார இடம் வேண்டுமே, அதற்குத்தான்.

அப்பா சட்டையில் நன்றாக இருந்த பட்டன் ஒன்றையும் வெட்டி எடுத்து மறுபடி தைத்திருக்கிறாள் என்பது ராத்திரிதான் தெரிந்தது.

மே 13

சின்னத் தலையணை. முதலில் பழைய டி-ஷர்ட்டை வெட்டினேன், இழுபட்டுக் கோணியது. பருத்திச் சட்டைக்கு மாறினோம். நல்ல பக்கம் இரண்டும் உள்ளே பார்க்க வைத்து, ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே பென்சில் கோடு. கோட்டின்மேல் பின்தையல், அதாவது ஒவ்வொரு தையலுக்கும் கொஞ்சம் பின்னால் போய்க் குத்தி முன்னால் வருவது. திருப்புவதற்கு நாலு விரல் நுழைகிற வாய் மட்டும் விட்டு, மூலைகளைத் தையலில் படாமல் நறுக்கினோம். அந்த வாய்க்குள் கையை விட்டு உள்பக்கத்தை வெளியே இழுத்தபோது சின்னவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பஞ்சு அடைப்பதை மறந்து, நாலு தடவை திருப்பித் திருப்பிப் போட்டான்.

தையல் எட்டி எட்டி இருந்ததால் பஞ்சு எட்டிப் பார்த்தது. அவன் தூங்கியதும் ஒரு பக்கத்தைப் பிரித்து நானே நெருக்கமாகப் போட்டுவிட்டேன்.

மே 14

காலையில் தலையணையை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான். "இங்கே என் முடிச்சு இல்லையே." சுண்டைக்காய் அளவில் அவன் போட்டிருந்த முடிச்சு அது. ஒழுங்காகப் போடுவதாக நினைத்து நான் வெட்டி எறிந்திருந்தேன். பொய் சொல்ல வரவில்லை. இன்று முழுக்க என்னிடம் நூல் கேட்கவில்லை. அக்காவிடம் கேட்டு வாங்கினான்.

மே 17

ஊசியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது வழக்கம். இன்று கொடுத்தது நாலு, வந்தது மூன்று. கயிற்றில் காந்தத்தைக் கட்டித் தரை முழுக்க இழுத்தேன், ஒரு குண்டூசிதான் மாட்டியது. சின்னவன் மட்டும் இடத்தைவிட்டு எழவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் மடியில் புதுத் தலையணை, அதன் ஓரத்திலேயே ஊசி. தலையணையோடு அவன் டவுசரும் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, இந்த முறை பின்தையல் நெருக்கமாகவே விழுந்திருந்தது.

கத்தரிக்கோலை எடுத்தேன். "வெட்டாதே, என் தையல்" என்று தலையணையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, டவுசரை அப்படியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான்.