எலுமிச்சையின் மணம் தோலில் இருக்கிறது

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், பரணில் கிடக்கும் கண்ணாடிப் புட்டிகளை இறக்கிக் கழுவி, வெந்நீரில் கொதிக்கவிட்டு, ஈரம் பொட்டுக்கூட இல்லாமல் காயும்வரை கவிழ்த்து வைப்பது எங்கள் வீட்டில் வழக்கமான வேலை. அடுத்த இரண்டு நாள்களுக்குள் அவற்றில் எலுமிச்சை சர்பத் நிரம்பிவிடும். தண்ணீரில் கலந்து உடனே குடிக்கும் சர்பத்தை இங்கே சொல்லவில்லை; வைத்திருந்து, வேண்டும்போது இரண்டு கரண்டி எடுத்துக் கரைத்துக்கொள்ளும் கெட்டியான பாகைச் சொல்கிறேன். கடைகளில் இதை ‘சிரப்’ என்று எழுதி விற்கிறார்கள். சர்பத், சிரப் என்ற இரண்டு சொற்களுமே ‘குடித்தல்’ என்று பொருள்படும் ஒரே அரபு வேரிலிருந்து பிறந்து, ஒன்று பாரசீகம் வழியாகவும் மற்றொன்று ஐரோப்பா வழியாகவும் நம்மிடம் வந்து சேர்ந்தவை என்பதால், எந்தப் பெயரால் அழைத்தாலும் பிழையில்லை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அத்தை. அவர் வாழ்க்கைப்பட்ட ஊர் புளியங்குடி. இன்றைக்குத் தென்காசி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர் எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர்பெற்றது. அங்கே மூட்டை மூட்டையாக வந்திறங்கும் பழத்தின் வாசனையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எலுமிச்சை என்பது எண்ணி வாங்கும் பொருளே இல்லை. ஆனால் அத்தையிடம் கேட்காமல், திருமணமான முதல் கோடையில் நானாகவே ஒரு முறை சர்பத் காய்ச்சினேன். சாறு, சர்க்கரை, தண்ணீர் மூன்றையும் ஒன்றாகக் கலந்து அடுப்பில் ஏற்றி அரைமணி நேரம் கொதிக்கவிட்டேன். சாறு வீணாகக் கூடாது என்று பழங்களைக் கொட்டை நசுங்கும்வரை அழுத்திப் பிழிந்திருந்தேன். ஆறியவுடன் சுவைத்தபோது புளிப்பும் இனிப்பும் இருந்தன, மணம் இல்லை. மறுநாள் நாக்கின் அடியில் ஒரு கசப்பு தட்டியது. இரண்டு வாரத்தில் புட்டியில் இருந்த பாகு தேன் நிறத்துக்கு மாறி, வேகவைத்த பழத்தின் வாடை வீசத் தொடங்கியது. அத்தையிடம் சொன்னபோது, “ஏட்டி, சாறு அடுப்பு மொகத்தையே பாக்கக் கூடாது” என்றார். இன்றுவரை நான் கடைப்பிடிக்கும் முறை முழுவதும் அந்த ஒரு சொல்லிலிருந்து விரிந்ததுதான்.

கசப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னாளில்தான் புரிந்துகொண்டேன். எலுமிச்சை இனப் பழங்களின் கொட்டையிலும், தோலுக்கு உட்புறம் உள்ள வெள்ளைச் சதையிலும், சுளையின் சவ்விலும் கசப்பே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. பழத்தைப் பிழிந்து அந்தப் பொருள் சாற்றின் புளிப்போடு கலந்ததும், அது மெல்ல மெல்ல லிமோனின் என்னும் கடுங்கசப்பாக மாறுகிறது. அதனால்தான் பிழிந்தவுடன் குடிக்கும் சாறு கசப்பதில்லை, வைத்திருந்த சாறு கசக்கிறது. கொதிக்கவைத்தால் இந்த மாற்றம் இன்னும் விரைவாக நடக்கிறது. ஆகவே கொட்டையை முதலிலேயே நீக்கிவிட்டு, பழத்தை மென்மையாகப் பிழிந்து, சாற்றை உடனே வடிகட்டிவிட வேண்டும். முழுப் பழத்தையும் மிக்சியில் போட்டு அடித்து வடிகட்டும் முறையைச் சிலர் எளிது என்பார்கள். அந்த நிமிடமே குடித்து முடிக்கும் பானத்துக்கு அது பொருந்தலாம், வைத்திருக்கும் சர்பத்துக்கு ஒருபோதும் பொருந்தாது.

மணத்தைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் தூக்கி எறிவது அதைத்தான். ஒரு பழத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தோலெங்கும் ஊசிமுனையால் குத்தியது போல நுண்ணிய புள்ளிகள் தெரியும். அவை ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை. சிறு வயதில் மின்சாரம் போன இரவுகளில், எலுமிச்சைத் தோலை இரு விரல்களுக்கு நடுவே வளைத்து விளக்குச் சுடருக்கு நேராகப் பிதுக்கி, சட்சட்டென்று பொறி பறப்பதைப் பார்த்து விளையாடியவர்களுக்கு அந்த எண்ணெய் நன்றாகத் தெரியும். லிமோனீன், சிட்ரால் முதலிய மணப்பொருள்கள் எல்லாம் அதில்தான் அடங்கியிருக்கின்றன. சாற்றில் இருப்பது பெரும்பாலும் புளிப்பு மட்டுமே. எலுமிச்சை என்று நாம் மூக்கால் அறிவது தோலின் எண்ணெயை.

அந்த எண்ணெயைச் சூடேற்றினால் பறந்துவிடும். சர்க்கரையிடம் கொடுத்தால் தங்கிவிடும். ஐரோப்பாவில் பஞ்ச் என்னும் பானத்தைக் கலந்தவர்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே சர்க்கரைக் கட்டியை எலுமிச்சைத் தோல்மேல் தேய்த்து மணமேற்றியிருக்கிறார்கள். ‘எண்ணெய்ச் சர்க்கரை’ என்று பொருள்படும் ஓலியோ சாக்கரம் என்ற இலத்தீன் பெயரும் அதற்கு உண்டு. அத்தைக்கு அந்தப் பெயர் தெரியாது, ஆனாலும் அவர் தோலைச் சர்க்கரையில் பிசைந்து இரவு முழுவதும் மூடி வைப்பார்.

என் அளவு இது. நடுத்தரமான 25 பழங்கள் எடுத்துக்கொள்வேன். பெரும்பாலானவை தோல் மெல்லியதாகவும் வழவழப்பாகவும், கையில் எடுத்தால் உருவத்துக்கு மீறிய கனத்தோடும், இளமஞ்சள் நிறத்திலும் இருக்க வேண்டும். பத்துப் பழங்கள் மட்டும் பச்சை மாறாதவையாக இருந்தால் நல்லது, ஏனெனில் மணம் அவற்றின் தோலில் தூக்கலாக இருக்கும். பழங்களைக் கழுவித் துடைத்து, நறுக்குவதற்கு முன்பே, அந்தப் பத்துப் பழங்களின் மேல்தோலைக் காய்கறி சீவும் கருவியால் மெல்லியதாகச் சீவிவிட வேண்டும். வெள்ளைப் பகுதி ஒட்டிக்கொண்டு வந்தால் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுவது கட்டாயம். சீவிய தோலை 300 கிராம் சர்க்கரையோடு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, உள்ளங்கையால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிசைவேன். முதலில் சர்க்கரை நறநறவென்று கையில் உருளும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஈரமணலைப் போலக் கட்டும், இளம்பச்சை சாயல் ஏறும், அடுப்படி முழுவதும் மணக்கும். அதைத் தட்டுப் போட்டு மூடிவைத்தால் மறுநாள் காலையில் தோல் சுருண்டு விறைத்திருக்கும், கிண்ணத்தின் அடியில் எண்ணெய் மினுமினுப்போடு பாகு கசிந்திருக்கும். சீவிய பழங்களை அன்றிரவு ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுவேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தோலின் எண்ணெயும் சாறும் பட்ட கையோடு வெயிலில் நின்றால், சிலருக்குத் தோல் கன்றிக் கொப்புளம் எழும்பும்; ஆறிய பிறகும் கருமையான தழும்பு பல வாரம் நிற்கும். பழத்தில் உள்ள சில பொருள்கள் சூரிய ஒளியோடு சேர்ந்து செய்யும் வேலை அது. பிள்ளைகளைப் பிழியச் சொல்லிவிட்டு அப்படியே விளையாட அனுப்பிவிடாமல், சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவச் செய்யுங்கள்.

மறுநாள் முதலில் பாகு. 700 கிராம் சர்க்கரையை 300 மில்லி தண்ணீரில் எவர்சில்வர் பாத்திரத்தில் கரைத்து, கொதி வரும்போது ஒரு தேக்கரண்டி பால் விட்டால், சர்க்கரையின் அழுக்கெல்லாம் பாலோடு திரண்டு நுரையாக மேலே ஒதுங்கும். அதைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட வேண்டும். இந்தப் பழைய வழக்கத்தை நான் விடுவதே இல்லை. பாகு கண்ணாடிபோலத் தெளிந்து நிற்கும் அழகுக்காகவே அதைச் செய்யலாம். தண்ணீரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆவியாகி, இரு விரல்களுக்கு இடையே தொட்டு விரித்தால் ஒற்றைக் கம்பி நிற்கும் பதத்தில் இறக்கி, அரைப் பழத்தின் சாற்றை மட்டும் அந்தச் சூட்டில் பிழிந்துவிடுவேன். அத்தையின் விதிக்கு இந்த ஒன்று விலக்கு. அந்தப் புளிப்பு, சர்க்கரையில் ஒரு பகுதியை உடைத்து, பாகு பிறகு பூத்துக் கற்கண்டாக உறைந்துவிடாமல் காக்கும். அலுமினியமும் பித்தளையும் புளிப்புக்கு ஆகாதவை, ஆகவே அவற்றை இந்த வேலைக்கு அருகிலேயே கொண்டுவராதீர்கள்.

பாகு கை பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும். அதற்குள் எல்லாப் பழங்களையும் பிழிந்து வடிகட்டினால் ஏறக்குறைய 400 மில்லி சாறு கிடைக்கும். இந்தச் சாற்றைத் தோல் ஊறிய சர்க்கரையின்மேல் ஊற்றி, மரக்கரண்டியால் சர்க்கரை முழுவதும் கரையும்வரை கலக்கி, மெல்லிய துணியில் வடித்து, ஆறிய பாகோடு சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. கலக்கும்போது தொண்டைக்குள் இறங்கும் அந்த வாசனையில், அடுப்பில் ஏற்றாத சாறு எப்படி இருக்கும் என்பது தெரிந்துவிடும்.

இந்த அளவுகளை நான் மனம்போன போக்கில் வைக்கவில்லை. மொத்த எடை சுமார் 1,600 கிராம் வரும், அதில் ஒரு கிலோ சர்க்கரை, கால் பங்கு சாறு. நம் நாட்டின் உணவுத் தர விதிகள் பழ சிரப் என்று பெயரிட்டு விற்பதற்கு வைத்திருக்கும் அளவும் ஏறக்குறைய இதுதான்: குறைந்தது 25 விழுக்காடு பழச்சாறு, கரைந்த திடப்பொருள் குறைந்தது 65 விழுக்காடு. சர்க்கரை அந்த அளவுக்குக் கெட்டியாக இருந்தால்தான் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய தண்ணீர் கிடைக்காமல் போகும். ‘இனிப்பைக் குறைத்துவிட்டேன், உடம்புக்கு நல்லது’ என்று பாதிச் சர்க்கரையில் செய்து வைக்கும் சர்பத்து, ஒரு வாரத்தில் நுரைத்து மூடியைத் தள்ளும். இனிப்புக் குறைவாக வேண்டுபவர்கள் கரைக்கும்போது குறைத்து ஊற்றிக்கொள்வதே சரி. 30 மில்லி சர்பத்தில் ஏறக்குறைய 25 கிராம் சர்க்கரை இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு அதில் பாதி ஊற்றி, இன்னும் அரைப்பழம் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கொடுக்கிறேன்.

கெட்டுப்போகாமல் இருக்கக் கடைச் சரக்கில் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் சேர்ப்பார்கள். விதிக்குள் சேர்த்தால் தவறில்லை. ஆயினும் அதிலிருந்து வெளிவரும் கந்தக வாயு ஆஸ்துமா உள்ள சிலருக்கு மூச்சிறைப்பைத் தூண்டும் என்பதாலும், எங்கள் வீட்டில் அந்தத் தொல்லை ஒருவருக்கு இருப்பதாலும் நான் அதைத் தொடுவதில்லை. அதற்கு ஈடாகப் புட்டிகளைக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைக்கிறேன், ஈரக் கரண்டியை உள்ளே விடுவதில்லை, இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுகிறேன். வெளிச்சம் பட்டால் நிறமும் வைட்டமின் சியும் குறையும், ஆகவே பழுப்பு நிறப் புட்டி கிடைத்தால் இன்னும் நல்லது.

நார்த்தம்பழத்தின் தோல் எலுமிச்சையைவிடத் தடிமன், எண்ணெயும் ஏராளம், ஆனால் கசப்பு தோலிலேயே ஊறிக்கிடப்பதால் ஒரு பழத்தின் தோலுக்கு மேல் சேர்க்க எனக்குத் துணிவு வருவதில்லை. அந்த ஒரு பழத்தின் மேல்தோலை எலுமிச்சைத் தோலோடு கலந்து சர்க்கரையில் ஊறவைத்த ஆண்டின் சர்பத்தைப் போல மணந்தது இதுவரை வேறில்லை. கமலா ஆரஞ்சுச் சாற்றில் இப்படிச் செய்வதானால் அதற்குப் புளிப்புப் போதாது. நான்கு பங்கு ஆரஞ்சுக்கு ஒரு பங்கு எலுமிச்சைச் சாறாவது வேண்டும். வெல்லத்தையும் கருப்பட்டியையும் இதில் சேர்ப்பதை நான் விரும்புவதில்லை. அவற்றின் மணம் வலியது, பானகத்துக்கு உரியது. தோலின் எண்ணெய் அதன் முன்னே அடங்கிப்போகும். இஞ்சி வேண்டுமானால், துருவிப் பிழிந்த சாற்றைக் கால் மணி நேரம் அசையாமல் வைத்து, அடியில் வெள்ளையாகப் படியும் மாவை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் புட்டியின் அடியில் வண்டல் நிற்கும்.

எல்லோருக்கும் உள்ள குறை கோடையில் பழம் விற்கும் விலைதான். 2022 ஏப்ரலில் ஒரே ஒரு எலுமிச்சை பத்து ரூபாய்க்கும் மேலே போனதை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த ஆண்டு முதல், ஆடி ஆவணியில் விலை இறங்கும்போதே ஐம்பது பழங்களை வாங்கிப் பிழிந்து, வடிகட்டிய சாற்றைப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைக் காற்றுப் புகாத உறையில் போட்டுவிடுகிறேன். தோல் பிசைந்த சர்க்கரையையும் தனியாகப் புட்டியில் அடைத்து அதே பெட்டியில் வைக்கிறேன். பங்குனியில் இவை இரண்டையும் வெளியே எடுத்தால், பாகு காய்ச்சும் வேலை மட்டுமே மிச்சம். புதுச் சாற்றின் துள்ளல் அதில் ஒரு படி குறைவுதான், அதை மறைக்கவில்லை. ஆனாலும் தோலின் மணம் உறைநிலையில் அப்படியே நிற்பதால், குடிப்பவர்களில் யாரும் இதுவரை வேறுபாடு கேட்டதில்லை.

சர்க்கரையில் ஊறிச் சுருண்ட தோலை வீசிவிடாமல் நிழலில் இரண்டு நாள் உலர்த்தினால், பிள்ளைகள் மிட்டாய்போல மென்று தின்பார்கள். பிழிந்து மீந்த மூடிகளில் பாதி உப்போடு ஜாடிக்குள் போய் ஊறுகாயாகிறது, மீதிப் பாதி வெள்ளிக்கிழமை காலையில் குத்துவிளக்குத் துலக்க.