சாம்பலுக்குள் இருந்த தினை

மூங்கில் கூடையின் வாயை மூடியிருந்த மண்பூச்சை அந்த அம்மா பெயர்த்தபோது, வேப்பிலை வாசமும் சாம்பல் வாசமும் ஒன்றாக எழுந்தன.

உள்ளங்கையில் ஒரு பிடி விதைத்தினையை அள்ளிச் சாம்பலை ஊதித் தள்ளினார். ஒரு மணியில்கூடப் பூச்சி அரித்த தடம் இல்லை.

தெலங்கானாவின் ஜாகிராபாத் பகுதியில், தக்காண வளர்ச்சிச் சங்கம் என்ற தொண்டு நிறுவனத்தோடு இணைந்த, இவரைப் போன்ற தலித் பெண்களின் ஊர்ச் சங்கங்கள், தரிசென்று கைவிடப்பட்ட நிலங்களைத் திருத்தி, தினையும் சோளமும் துவரையும் ஒரே வயலில் கலந்து மானாவாரியாக விதைக்கின்றன.

ரேஷனில் தானியமென்றால் பெரும்பாலும் அரிசியே கிடைத்த 1990களில், தாங்கள் விளைவித்த சோளத்தை ஊரிலேயே சேமித்து, ஏழை வீடுகளுக்குக் குறைந்த விலையில் கொடுத்தவர்கள் இவர்கள்.

எதை விதைப்பது, எதை உண்பது என்று முடிவுசெய்யும் உரிமை இந்தக் கூடைக்குள் பத்திரமாக இருப்பதாகவே எனக்குப் பட்டது.

அந்த அம்மா மறுபடி மண் குழைத்துக் கூடையை மூடினார். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.