கீசர் ராடு வாங்கப் போறீங்களா, பழசைக் கையோட கொண்டு போங்க

ஒரு வழியா கீசர் சர்வீஸ் முடிஞ்சது. ரெண்டு மணி நேர வேலை மூணு நாள் இழுத்ததுக்குக் காரணம் ஒரு சின்ன மெக்னீசியம் ராடு.

பாளையங்கோட்டையில ஆத்துத் தண்ணியோட போர் தண்ணியும் ஒரே தொட்டியில ஏறுற வீடுன்னா, வருஷத்துக்கு ஒரு தடவை கீசரைத் திறந்து பாத்துரணும். எங்க கீசர் 15 லிட்டர், 2000 வாட், உள்ளே கண்ணாடிப் பூச்சு போட்ட டேங்க்.

முதல்ல எம்சிபியை, அதான் மெயின் போர்டுல இருக்கிற ட்ரிப் சுவிட்சை இறக்கிரணும், கீசர் சுவிட்சை மட்டும் நம்பக் கூடாது. தண்ணி ஆறின பிறகு, உள்ளே வர்ற காக்கை மூடி, குளிர்தண்ணி ஹோஸைக் கழட்டினா நாலு சொட்டுதான் விழும். டேங்க் காலின்னு நினைச்சு ஃபிளாஞ்சை, அதான் சூடாக்குற காயிலும் ராடும் மாட்டியிருக்கிற அடித்தட்டைத் திறந்தா 15 லிட்டரும் தலையில! குளிர்தண்ணி உள்ளே போற இடத்துல இருக்கிற சேஃப்டி வால்வுக்குள்ளேயே தண்ணி திரும்பி வராத தடுப்பு இருக்கு. அந்த வால்வையும் கழட்டணும், உள்ளே காத்து போக வெந்நீர் ஹோஸையும் கழட்டி விடணும். அப்பதான் மொத்தமா இறங்கும். ரெண்டு வாளி தயாரா இருக்கட்டும்.

உள்ளே காயில் மேல முட்டை ஓடு கனத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. ராடு இருந்த இடத்துல நடுக்கம்பி மட்டும் துருப்பிடிச்சு நிக்குது. டேங்குக்குப் பதிலா அரிச்சுப் போறதுதான் அதோட வேலை. அது தீந்துட்டா அடுத்தது டேங்க்தான். டேங்க் ஓட்டையானா கீசரையே மாத்தணும்.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டா "ராடு தனியாத் தர மாட்டோம், ஆள் வந்துதான் மாட்டணும்"னு பதில். சரின்னு ஜங்ஷன் பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனா, "என்ன மரை அண்ணாச்சி, ஆறா எட்டா?"ன்னு கேட்டார் கடைக்காரர். குத்துமதிப்பா எட்டுன்னு சொல்லி வாங்கி வந்தது தப்பு. ஃபிளாஞ்சுல இருந்தது ஆறு எம்எம் மரை. திருப்பி எடுக்க மாட்டாராம். மறுநாள் பழைய கம்பியையும் ஃபிளாஞ்சு ஒழுகாம இருக்கப் போடுற ரப்பர் கேஸ்கட்டையும் பையில போட்டுக்கிட்டுப் போனதும் அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சது. நீளத்தையும் அளந்து பாருங்க, டேங்க் உச்சியில முட்டக் கூடாது.

காயிலைச் சுத்தம் பண்ண பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம், செம்பையே தின்னுரும். ஸ்க்ரூடிரைவரால தட்டவும் கூடாது. ரெண்டு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில 100 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைச்சு, வயர் மாட்டுற முனை நனையாம காயிலை மட்டும் மூணு மணி நேரம் ஊறப் போட்டா பொலபொலன்னு உதிரும். காஞ்ச பிறகு காயிலோட ரெண்டு முனையிலயும் மல்டிமீட்டர் வச்சா 26 ஓம் கிட்ட காட்டணும். காயிலுக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவுல எதுவும் காட்டக் கூடாது. காட்டினா அந்தக் காயில் குப்பைக்கு.

பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போட்டா கண்டிப்பா ஒழுகும். நட்டை எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. வெந்நீர்க் குழாயைத் திறந்து, காத்து கக்குறது நின்னு தண்ணி சீரா வந்த பிறகுதான் கரண்டு. காலி டேங்க்ல போட்டா காயில் அப்பவே கருகிரும். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல வைக்காதீங்க, சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு படியும்.

சூடாகும்போது சேஃப்டி வால்வுல சொட்டுனா பயப்பட வேண்டாம், தண்ணி விரிஞ்சு வெளியே வருது. அதை ஒழுகல்னு நினைச்சு எம்-சீல் வச்சு அடைக்கிற பிளம்பர்களும் இருக்காங்க. தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினா கரண்டை நிறுத்துற கட்-அவுட்டும் பழுதான அன்னைக்கு டேங்க் வெடிக்க அது போதும். ஆனா கீசரை அணைச்சு ஆறின பிறகும் சொட்டிக்கிட்டே இருந்தா வால்வுக்குள்ள தூசி, இல்லன்னா லைன்ல பிரஷர் அதிகம். வால்வு லிவரை ரெண்டு தடவை தூக்கி விட்டுப் பாருங்க. நிக்கலைன்னா வால்வை மாத்துங்க.